நடக்க ஒரு தடம்

"அக்கா! சரசக்கா! கதவத் தெறங்க்கா!"

நான் இருட்டறைக்குள் இருந்தேன். சிவப்பு விளக்கின் மங்கலில், மருந்துத் தட்டில் மிதந்த தாளில் ஒரு கல்யாணக் கூட்டத்தின் முகங்கள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் மீசை வந்துவிட்டது. பெண்ணின் கண்கள் இன்னும் வரவில்லை.

அந்த நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் தாள் மொத்தமும் கறுத்துவிடும். என் வீட்டுக்காரரே வந்து தட்டினாலும், "கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவேன்.

ஆனால் அது நல்லம்மாவின் குரல். ஆடுகளைக் கூப்பிடும்போது தவிர அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

திறந்துவிட்டேன். மத்தியான வெயில் அறைக்குள் பாய்ந்தது.

நல்லம்மா வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முந்தானையெல்லாம் செம்மண். அவளுக்குப் பின்னால், மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட நேரமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார் கால்நடை டாக்டர் ஞானமுத்து.

"அம்மா, ஹைப்போ இருக்கா? கரைக்காதது. உப்பாவே வேணும்."

"இருக்குதுங்க. எதுக்குங்க?"

"ஆடு சாகுதும்மா. குச்சிக்கிழங்குத் தழையைத் தின்னுட்டுது. என்கிட்ட இருந்த மருந்து நாலஞ்சு ஆட்டுக்குத்தான் காணும். அதே மருந்துதான் உங்க ஹைப்போ. இருக்கிறதை எல்லாம் எடுங்க."

எனக்குப் பின்னால், தட்டில் கிடந்த கல்யாணக் கூட்டம் முழுசாகக் கறுத்துப் போயிருந்தது.

கல்கண்டு டப்பா

ராசிபுரத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்த நான், எருமப்பட்டி கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு வாழ வந்ததைப் போன வாரம் சொல்லியிருந்தேன். இருட்டறை வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரிய கதை ஒன்றுமில்லை. என் கணவர் கல்யாண வீடுகளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கடை பூட்டிக் கிடக்கும். பட்டு நூலில் சிக்கெடுத்துப் பழகிய கைதானே, படம் கழுவப் பழகாதா என்று அவரே ஒருநாள் சொல்லிக் கொடுத்தார். சீக்கிரமே அவரைவிட நன்றாகக் கழுவினேன். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார்.

படம் கழுவுகிறவர்களுக்கு ஹைப்போ தெரியாமல் இருக்காது. தாளில் வந்த உருவம் மறுபடி கரைந்து போகாமல் நிறுத்துகிற உப்பு அது. பார்க்கக் கல்கண்டு போலவே இருக்கும். கடைக்கு வரும் குழந்தைகள் அந்த டப்பாவைப் பார்த்துக் கை நீட்டும். எட்டாத உயரத்தில் வைத்திருந்தோம்.

அதில் ஒரு விசேஷம் உண்டு. தண்ணீரில் போட்டுக் கலக்கினால், தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். சித்திரை வெயிலில்கூட விரல் மரத்துப் போகும். எனக்கு அது பிடிக்கும். கோடையில் ஹைப்போ கரைக்கிற வேலையை அவருக்கு விட்டுக் கொடுக்கவே மாட்டேன்.

இந்த உப்பு ஒரு உயிரைக் காப்பாற்றும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரையைக் கடித்த கிடா

நல்லம்மாவை முதன்முதலில் பார்த்தது அதற்கு மூன்று வருசம் முன்னால் இருக்கும். எழுபதுகள் பாதிக்கு மேல் போய்விட்ட காலம்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று படம் எடுக்க வந்தது. அவள் மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். புருசன் பொன்னான் நெட்டையாக, வெட்கத்தோடு நின்றான். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் பெரிய கொம்புக் கிடா ஒன்று.

"அத வெளிய கட்டிப்போட்டு வாங்க" என்றார் என் கணவர்.

"இல்லீங், அதுவும் படத்துல வரோணும்" என்றான் பொன்னான். "எங்க பட்டிக்கே அதுதாங்க முன்னாடி நடக்கும். அது இல்லாமப் படம் எடுத்தா நல்லாருக்காதுங்."

நல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "நான் இல்லாமக்கூட எடுத்துக்குவாருங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

எங்கள் கடையில் திருச்சியிலிருந்து வாங்கி வந்த திரை ஒன்று இருந்தது. பூந்தோட்டமும் நடுவில் நீரூற்றும் வரைந்த திரை. கிடா அதை வெகுநேரம் பார்த்தது. விளக்கைப் போட்டதுதான் தாமதம், நேராகப் போய்ப் பூந்தோட்டத்தின் ஒரு மூலையைக் கடித்து இழுத்துவிட்டது.

பொன்னானுக்கு முகம் வெளுத்துப் போனது. என் கணவர் திரையைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருசத்துல என் திரையை நெசத் தோட்டம்னு நம்பினது இது ஒண்ணுதான்" என்றார்.

கிழிசலை நான் தைத்தேன். தறிக்காரர் மகள் தைத்தது யார் கண்ணுக்கும் தெரியாது. நான் தைத்து முடிக்கும்வரை நல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்கு அந்த ஊரில் தோழி என்று யாரும் இல்லை. அவளுக்கு எந்த ஊரும் நிலையாக இல்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம்.

மலையிலிருந்து ஆறு வரைக்கும்

அவர்கள் வருசத்தில் பாதி கொல்லிமலை அடிவாரத்தில் இருப்பார்கள். அறுவடை முடிந்து காடெல்லாம் வெறுமையாகிற காலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எருமப்பட்டியைத் தாண்டி மெதுவாகக் காவிரிக்கரை வரைக்கும், மோகனூர்ப் பக்கம் போவார்கள். வழியில் ஒவ்வொருவர் காட்டிலும் இரண்டு மூன்று ராத்திரி பட்டி போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை விழுந்த காட்டில் அடுத்த வருசம் சோளம் ஆள் உயரத்துக்கு வரும். அதற்காகக் காட்டுக்காரர்கள் இவர்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுப்பார்கள். மழை பெய்தால் மறுபடி மலைக்குத் திரும்புவார்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பெரிய மேய்ச்சல் நிலம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. நடுவில் ஒரு குட்டை, சுற்றிலும் வெள்வேல மரங்கள். போகும்போதும் வரும்போதும் அங்கே நல்லம்மா தங்குவாள். தங்குகிற நாட்களில் கடைக்கு வந்துவிடுவாள். வரும்போது எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவாள். களாப்பழம், சூரப்பழம், ஒரு தடவை கௌதாரி முட்டை. நான் காப்பி போட்டுக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் இருந்த படியில் உட்கார்ந்து குடிப்போம். அவளிடம் எப்போதும் ஆட்டு வாசம் அடிக்கும். என்னிடம் எப்போதும் மருந்து வாசம் அடிக்கும். இரண்டு பேரும் அதைச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வோம்.

காட்டுக்குப் பேர் வந்தது

அந்தப் புறம்போக்கு பட்டா நிலம் ஆனது எப்படி என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஒரு வருசம் நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்து கல் நட்டார்கள். துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குப் பட்டா கொடுத்தார்கள். குட்டை இருந்த பெரிய துண்டு பழனியப்பனுக்கு வந்தது.

பழனியப்பனைப் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜோடி மாடு, மழையை நம்பிய கொஞ்சம் சோளக்காடு, மூன்று பெண் குழந்தைகள். அவ்வளவுதான் அவர். அந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று நம்பினார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரி வந்தது. முதல் துளையில் புகைதான் வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் தண்ணீர் பீச்சியடித்தது.

அன்றைக்குப் படம் எடுக்க என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் படத்தைக் கழுவியவள் நான். தண்ணீர் வெள்ளைத் தூணாக எழுந்து நிற்கிறது. அதற்குக் கீழே பழனியப்பனும் அவர் மனைவி கண்ணம்மாளும் மூன்று பெண்களும் தொப்பலாக நனைந்து, வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். நான் கழுவிய படங்களில் அவ்வளவு சந்தோசமான படம் வேறு இல்லை.

தண்ணீர் வந்ததும் எல்லாரையும் போல அவரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நட்டார். சேலம், ராசிபுரம் பக்கமெல்லாம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். கிழங்கு எவ்வளவு இருந்தாலும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சோளம் போட்டவர்கள்கூடக் கிழங்குக்கு மாறினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சோளம் கதிர் முற்றும் பருவத்தில் எங்கிருந்தோ ஒரு குருவிக் கூட்டம் வரும். இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாக, வானத்தில் துணியை உதறியது போல விரிந்து சுருங்கிப் பறக்கும். சூறைக்குருவி என்பார்கள். வெகுதூரத்து வடக்குத் தேசங்களிலிருந்து வருகிறது என்று டாக்டர் ஞானமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோளக்காடு குறைந்த பிறகு அதன் கூட்டமும் எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. வந்த ஒன்றிரண்டு கூட்டமும் கிழங்குக் காட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே போயின. குருவிக்கு வேறு காடு கிடைத்திருக்கும். ஆட்டுக்கு அப்படி நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

மேய்ச்சல் நிலம் போய், குட்டையும் வேலிக்குள் போய், அந்த வருசம் நல்லம்மாவுக்கும் பொன்னானுக்கும் மிச்சம் இருந்தது வேலி ஓரத்து ஒற்றையடிப் பாதை. புல்லே இல்லாமல் இரண்டு நாள் நடந்த ஆடுகள். அதற்கு முந்தின வாரம்தான் கோடை மழை ஒன்று பெய்து, கிழங்குச் செடியெல்லாம் பச்சைக் கொழுந்து விட்டிருந்தது. அந்தக் கொழுந்தில்தான் விஷம் அதிகம். வேலியில் ஒரு இடத்தில் முள் சரிந்து கிடந்தது.

மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மத்தியானம்

டப்பாவையும், பிரிக்காமல் வைத்திருந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கடையைச் சாத்தினேன். மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம். அதைப் பார்த்த கடைவீதி ஒரு வாரம் பேசியது.

காட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஆடு கத்துகிற சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி. காற்று கிடைக்காமல் இழுக்கிற சத்தம். சில ஆடுகள் கால் உதைத்துக்கொண்டு கிடந்தன. சில ஆடுகள் அசையவே இல்லை. நின்றவையும் போதையில் தள்ளாடுவது போலத் தள்ளாடின.

பொன்னான் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பெட்டையின் தலை. அது செத்துப் போயிருந்தது. அவன் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

வரப்பில் பழனியப்பன் நின்றார். கையில் தடி. காட்டுக்குள் ஆடு புகுந்துவிட்டது என்று கேட்டு, திட்டி அடித்து விரட்டத்தான் ஓடி வந்திருக்கிறார். இப்போது அந்தத் தடியை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வேணும். குடம் குடமா. பாட்டில் இருந்தா அதையும் கொண்டாங்க" என்று டாக்டர் கத்தினார்.

தடி கீழே விழுந்தது. பழனியப்பன் மோட்டார் அறையைப் பார்த்து ஓடினார். குழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கண்ணம்மாள் வீட்டிலிருந்த எண்ணெய் பாட்டில்களை எல்லாம் கவிழ்த்துவிட்டுக் கொண்டு வந்தாள்.

ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு உப்பு என்று டாக்டர் என் உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். நான் கரைத்தேன். அவர் கையிலிருந்த மருந்தை ரொம்ப மோசமான ஆடுகளுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டே போனார். நல்லம்மா ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, வாயின் ஓரத்தில் பாட்டிலைச் செருகி ஊற்றினாள்.

"தலையை ரொம்பத் தூக்காதீங்க. நெஞ்சுல ஏறிடும். மெதுவா, மெதுவா" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கரைக்கக் கரைக்க என் விரல்கள் மரத்துவிட்டன. தலைக்கு மேலே அப்படி வெயில், கையில் அப்படிக் குளிர். பழனியப்பன் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுவார். ஒரு கட்டத்தில் அவரே ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கு ஊத்துங்கம்மா, இது இன்னும் மூச்சு உடுது" என்று என் முன்னால் மண்டியிட்டார்.

வெள்வேல மரத்தில் தூளி கட்டித் தொங்கியது. அதில் நல்லம்மாவின் கைக்குழந்தை செல்வி. பசியில் அது வீறிட்டு அழுதது. நல்லம்மா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கையில் சாகக் கிடக்கிற ஆடு. இதை விட்டுவிட்டு அதைத் தூக்கவும் முடியவில்லை, கேட்காதது போல இருக்கவும் முடியவில்லை. கண்ணம்மாள் எதுவும் கேட்காமல் போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தட்டிக்கொண்டு வரப்பிலேயே நடந்தாள். வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சிச் சங்கில் புகட்டியிருக்கிறாள். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பொன்னானை எழுப்பியதும் நல்லம்மாதான். அவன் தோளில் கை வைத்து, "அது போயிருச்சுங்க. இங்க ஒண்ணு மூச்சு உடுது. வந்து பிடிங்க" என்றாள். அவன் மடியிலிருந்த தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

வெயில் சாயும்போது டாக்டர் கையைக் கழுவினார். பாதிக்கு மேல் எழுந்து நின்றன. மிச்சம் நிற்கவில்லை. கிடா பிழைத்துக்கொண்டது. எல்லாருக்கும் முன்னால் கொழுந்து தின்னப் போனதும் அதுதானாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் கறுத்துப்போன தாள்களைக் காட்டினேன். நல்ல தாள் அத்தனையும் வீண். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கி இருந்தது.

"பேப்பர்தானே சரசு. நெகட்டிவ் இருக்குது, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றார். அவரே சோறு பிசைந்து கொடுத்தார். எனக்கு விரலை மடக்க வரவில்லை.

நல்லம்மா கேட்டது

செத்த ஆடுகளைப் புதைக்கப் பொன்னானுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள், "இருக்கறத வித்துப்போடலாம். நான் ரிக்கு லாரிக்குப் போறேன்" என்றான். திருச்செங்கோட்டில் அப்போது ரிக் வேலைக்கு ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போங்க. ஆட்ட நான் பாத்துக்கறேன்" என்றாள் நல்லம்மா.

"எங்க வெச்சுப் பாப்ப? எந்தத் தடத்துல ஓட்டுவ?"

மறுநாள் நல்லம்மா கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல நின்னாப் போதும்."

போனோம். பழனியப்பன் சரிந்த வேலியைச் சரி செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் இறுகியது. நட்டஈடு கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

நல்லம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "ஏனுங்க, ஆடு போக ஒரு தடம் மட்டும் உடுங்க" என்றாள்.

"ஏம்மா, இது இப்ப என் பேர்ல இருக்கற பூமி. பட்டா ஆயிருச்சு. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. பூமி உங்க பேர்லயே இருக்கட்டுமுங்க. நாங்க நிக்க வரலீங்க. நடக்கத்தான் கேக்கறோம்."

பழனியப்பன் முள்ளை எடுத்து வேலியில் செருகினார். மறுபடி எடுத்து மறுபடி செருகினார். திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நடவின்போதுதான் பார்த்தோம். காட்டின் தென்கரையில் இரண்டு வண்டி அகலத்துக்குக் கிழங்கு நடவில்லை. இரண்டு பக்கமும் முள்வேலி அடைத்து, நடுவில் நீளமாக ஒரு தடம். குட்டையின் ஒரு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஆடு தண்ணீர் குடிக்க அந்த இடத்தில் மட்டும் வேலி கிடையாது.

பழனியப்பன் அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணம்மாள் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு அந்தக் குட்டி அவரு கையிலயே கண்ணத் தெறந்துச்சுங்க. ராத்திரி சோறு திங்கறப்பக்கூட அதையே சொல்லிட்டிருந்தாரு."

ஒரு காது

பொன்னான் ரிக் லாரியில் போய்விட்டான். ஆந்திரா, அதற்கும் வடக்கே எங்கெங்கோ. நல்லம்மா தன் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மிச்ச ஆடுகளை ஓட்டினாள். பெருகின. மறுபடி ஒரு பட்டி என்று சொல்லும்படி ஆனது. அதற்குள் எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். செல்வியின் பழைய தூளித் துணியைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள் நல்லம்மா. "நம்ம ரெண்டு பேரு வாசமும் இதுக்கு வரோணும்" என்றாள்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் பொன்னான் திரும்பி வந்தான். ரிக் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றான். ஏன் என்று என் கணவர் கேட்டார்.

"ராத்திரி தூக்கம் வரலீங். ஆடு அசை போடற சத்தம் இல்லாம எனக்குத் தூங்கத் தெரியலீங்."

பட்டிக்கு நடுவில், கேட்கிற காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பானாம். "நான் கூப்புட்டா மட்டும் எந்தக் காதுலயும் உழறதில்லீங்க" என்று நல்லம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் தடம் சில வருசம் இருந்தது. நல்ல வருசங்கள் அவை.

எண்பதுகள் பாதி போனபோது பழனியப்பனின் ஆழ்துளைக் கிணறு வற்றியது. பக்கத்திலெல்லாம் அதைவிட ஆழமாகத் துளை போட்டுவிட்டார்கள். இன்னும் ஆழமாகப் போட்டுப் பார்த்தார். ஈரமண்கூட வரவில்லை. மூத்த பெண்ணின் கல்யாணமும் நெருங்கியது. காட்டைக் கோழிப்பண்ணை போடுகிறவருக்கு விற்றுவிட்டார். அவர்கள் சுற்றுச்சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னார்கள்.

பழனியப்பன் எங்கள் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அந்தப் புள்ளைகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. எனக்குச் சொல்ல வாய் வரல."

"நானும் வாரேனுங்க. ஆனா நீங்கதான் சொல்லோணும்" என்றேன்.

போனோம். அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். நல்லம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு பாலைக் காய்ச்சி ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள்.

"கையெழுத்தா போட்டுக் கொடுத்தீங்க? உடோணும்னு சட்டமா? இத்தன வருசம் உட்டீங்க. குடிங்க."

அவர் குடித்தார். குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

ஆற்றில்

காவிரிக்கு அக்கரையில், வாங்கலைத் தாண்டித் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளை வருசக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று பொன்னான் விசாரித்து வந்தான். இனி மலைக்கும் ஆற்றுக்குமாக நடக்கிற வேலை கிடையாது. போனால் போனதுதான்.

வழியனுப்ப நானும் மகளும் பஸ் பிடித்து மோகனூர் போனோம். கோடை. ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். நடுவில் மட்டும் ஒரு ஓட்டம், முழங்கால் அளவுத் தண்ணீர். மணல் சுட்டது. மகளும் செல்வியும் குதித்துக் குதித்து ஓடினார்கள்.

தண்ணீரைப் பார்த்ததும் ஆடுகள் நின்றுவிட்டன. இத்தனை வருசமும் இந்தக் கரை வரைக்கும்தான் அவை வந்திருக்கின்றன. அதற்கு அப்பால் ஓர் ஊர் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. பொன்னான் முன்னால் போய்க் கூப்பிட்டான். வரவில்லை. பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். வட்டம் வட்டமாகச் சுற்றின. மந்தை மொத்தமும் மணலில் நின்று கத்தியது.

நல்லம்மா கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்தது அப்போதுதான் வந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அதுகளுக்கே தெரியுதுக்கா" என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகினேன். பக்கத்தில் நின்ற ஒரு குட்டியை வாரி எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். தறிக்காரர் மகளுக்கு ஆறும் தெரியாது, ஆடும் தெரியாது. காலடியில் மணல் அரித்தது. குட்டி என் காதுக்குள் கத்தியது. அதன் தாய் கரையில் இரண்டு தரம் முன்னும் பின்னும் ஓடிவிட்டு, பொத்தென்று தண்ணீரில் குதித்து என் பின்னாலேயே வந்தது.

அதைப் பார்த்து இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தேன். ஆறு முழுக்கத் தலைகள். பொன்னான் ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு வந்தான். நல்லம்மா அழுகையும் சிரிப்புமாக இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

அக்கரையில் ஏறியதும் ஆடுகள் உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறின. சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்தன. பிறகு கரையோரத்துப் புல்லில் வாயை வைத்து, ஒன்றுமே நடக்காதது போல மேயத் தொடங்கின.

நான் குட்டியை இறக்கிவிட்டேன். "சரி நல்லம்மா, நாங்க கெளம்பறோம். கடைசி பஸ் போயிரும்" என்றேன்.

அவள் அதற்குள் மூன்று கல்லைப் பொறுக்கிக் கூட்டி வைத்திருந்தாள். செல்வி சுள்ளி பொறுக்கப் போயிருந்தாள். என் மகளும் கூடவே.

"எங்க கெளம்பறீங்க?" என்றாள் நல்லம்மா, நிமிராமலே அடுப்பை ஊதிக்கொண்டு. "மொத மொத எங்க ஊட்டுக்கு வந்துருக்கீங்க. ஒரு வாய் சோறு தின்னாம அனுப்புவனா? உக்காருங்க்கா."

ஈரப் புடவையோடு அந்த மணலில் உட்கார்ந்தேன்.